சிப்கோவுக்குள்ளேயே மூன்று கட்சி: சூழலியத்தை இடது என்பதா, வலது என்பதா?

ஓடைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

பாடப்புத்தகத்தில் இமயமலை ஊர்களின் காடு காக்கும் போராட்டமான சிப்கோவுக்கு ஒரு படமும் அரைப் பக்கமும். பெண்கள் மரத்தைக் கட்டிப்பிடித்தார்கள், மரம் பிழைத்தது, சுபம். அதற்கு மேல் யாரும் போவதில்லை. இங்கே வேறொரு இழையில் ஒரு நண்பர், "சுற்றுச்சூழல் அரசியல் எல்லாமே வளர்ச்சி எதிர்ப்புதான், அதில் என்ன பிரிவு வேண்டிக்கிடக்கிறது?" என்று கேட்டிருந்தார். பிரிவு இருக்கிறது. அதுவும் ஒரே இயக்கத்துக்குள், ஒரே மலையில், ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்தவர்களுக்குள்ளேயே இருந்தது.

ஆற்றில் சாயக்கழிவு விடாதே, பிளாஸ்டிக்கைக் குறை என்பதை எந்தக் கட்சிக்காரரும் மேடையில் சொல்லலாம், ஓட்டு குறையாது. சூழலியம் அரசியல் கொள்கையாக நிற்கும்போது கேட்பது வேறு. பொருளாதாரம் முடிவில்லாமல் வளர முடியுமா? மனிதனுக்குப் பயன்படாத உயிருக்கும் வாழ உரிமை உண்டா? காட்டையும் தண்ணீரையும் பற்றி முடிவெடுப்பது யார்? முதல் கேள்விக்கு இந்தக் கூட்டம் ஏறக்குறைய ஒரே பதில் சொல்லும். இரண்டாவதில் முணுமுணுப்பு வரும். மூன்றாவதில் அடிதடி.

சிப்கோவுக்கு வருவோம். 1973, இன்றைய உத்தராகண்டின் சமோலி மாவட்டம். கோபேஷ்வரில் சண்டி பிரசாத் பட் நடத்திய தசோலி கிராம சுயராஜ்ய சங்கம், நுகத்தடியும் விவசாயக் கருவிகளும் செய்யக் கொஞ்சம் 'அங்கு' மரம் கேட்டது. லேசான மரம், மாட்டின் கழுத்துக்குப் பாரமில்லை. வனத்துறை மறுத்துவிட்டு, மண்டல் காட்டில் அதே மரத்தை அலகாபாத்தின் விளையாட்டுச் சாமான் கம்பெனி ஒன்றுக்கு ஒதுக்கியது. டென்னிஸ் மட்டை செய்ய! போராட்டம் அங்கேதான் தொடங்கியது. அதாவது சிப்கோவின் முதல் கோரிக்கை 'மரத்தை வெட்டாதே' கிடையாது. 'வெட்டுகிற உரிமை எங்களுக்கு' என்பதே.

ரேணி கிராமத்து நிகழ்ச்சி அடுத்த ஆண்டு, 1974 மார்ச் 26. ராணுவம் எடுத்துக்கொண்ட நிலத்துக்கு இழப்பீடு தருகிறோம் என்று ஆண்களைச் சமோலிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அந்த நாள் பார்த்துக் கான்ட்ராக்டரின் ஆட்கள் கோடாரியோடு வந்தார்கள். கௌரா தேவியும் இருபத்துச் சொச்சம் பெண்களும் போய் மறித்தார்கள். நமக்குத் தெரிந்த படம் இதுதான்.

இதற்குப் பிறகுதான் மூன்று வழி. பட், ஊர்க்காரர்கள் கையில் சிறு தொழில், மரம் நடும் முகாம்கள் என்று போனார். காடு ஊருக்குச் சோறு போட வேண்டும் என்பது அவர் கட்சி. சுந்தர்லால் பகுகுணா பச்சை மரத்தில் கோடாரியே படக்கூடாது என்றார்; காடு தருவது மண், நீர், காற்று, அதை விறகுக் கணக்கில் எழுதாதே என்றார்; உண்ணாவிரதமிருந்தார்; 1981 முதல் 1983 வரை காஷ்மீரிலிருந்து கோஹிமாவுக்கு நடந்தார். மூன்றாவது, குமாவுன் பக்கத்து இளைஞர்களின் உத்தராகண்ட் சங்கர்ஷ் வாகினி. அவர்கள் கணக்கில் இது மரத்தின் பிரச்சினையே இல்லை, மலையைச் சமவெளி சுரண்டும் பிரச்சினை. வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 1980களில் இந்திய சூழல் இயக்கத்தையே இப்படித்தான் மூன்றாகப் பிரித்தார்: அறப்போர்க் காந்தியர் (பகுகுணா வழி), பொருத்தமான தொழில்நுட்பம் தேடுவோர் (பட் வழி), சூழல் மார்க்சியர் (வாகினி வழி).

என் கேள்வி: இன்றைக்கு நம்மிடம் இருக்கும் சூழல் அரசியல் இதில் எந்த வழியில் வந்தது?

பழைய தோழர்

நல்ல தொடக்கம் தோழர். ஆனால் வாகினியை நாலு வரியில் கடந்துவிட்டீர்கள், அதை நான் விடமாட்டேன்.

1977இல் நைனிதாலில் வன ஏலத்தை நிறுத்தப் போனவர்கள் இவர்கள் வழியினர். 1984இல் அல்மோரா மாவட்டம் சௌகுட்டியா பக்கம் தொடங்கிய 'போதை வேண்டாம், வேலை கொடு' போராட்டம் இவர்களுடையது. காட்டுக்கும் சாராயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: மலையில் வேலை இல்லை, ஆண்கள் டெல்லிக்கும் பட்டாளத்துக்கும் போய் மணியார்டர் அனுப்புகிறார்கள், அந்த மணியார்டரைச் சாராயக் கான்ட்ராக்டர் உறிஞ்சுகிறான், மரத்தைக் காட்டு கான்ட்ராக்டர் கொண்டுபோகிறான். இரண்டும் ஒரே பாதை வழியாக மலையிறங்குகிற பணம். இதைப் பார்க்காமல் 'இயற்கையை நேசி' என்பது கவிதைக்கு நன்றாயிருக்கும்.

மார்க்ஸுக்குச் சூழல் தெரியாது என்பதும் பாதிக் கதை. ஜெர்மன் வேதியியலாளர் லீபிக்கின் மண்ணியலைப் படித்துவிட்டு, விளைச்சலாக நகரத்துக்குப் போகும் சத்து வயலுக்குத் திரும்புவதில்லை, முதலாளித்துவ விவசாயம் உழைப்பாளியை மட்டுமல்ல மண்ணையும் கொள்ளையடிக்கிறது என்று எழுதியவர் அவர். ஜேம்ஸ் ஓ'கானர், ஜான் பெல்லமி ஃபாஸ்டர் மாதிரி சூழல் மார்க்சியர்கள் எல்லாம் பிறகு பிடித்துக்கொண்ட நூல் இதுதான்.

எல்லா உயிருக்கும் மனிதப் பயனைத் தாண்டிய மதிப்பு உண்டு என்கிற ஆழ்சூழலியம் பக்கம் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். 'எர்த் ஃபர்ஸ்ட்' இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேவ் ஃபோர்மன், எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு உதவுவதைவிட இயற்கை தன் சமநிலையைத் தானே தேடிக்கொள்ள விட்டுவிடலாம் என்ற தொனியில் 1986இல் பேட்டி கொடுத்தார். பட்டினியில் செத்துக்கொண்டிருப்பவனிடம் சொல்கிற பேச்சா இது? மறு ஆண்டே ஆம்ஹெர்ஸ்ட் கூட்டத்தில் மர்ரே புக்சின் பொரிந்து தள்ளினார். புக்சின் மார்க்சியர் அல்ல, அராஜகவாதி. ஆனாலும் அவர் சொன்னது எனக்கு உடன்பாடு: மனிதனை மனிதன் அடக்கி ஆள்வதிலிருந்துதான் இயற்கையை அடக்கி ஆளும் எண்ணமே பிறக்கிறது. 'மனித இனம் பூமியைக் கெடுத்தது' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எண்ணெய்க் கம்பெனி முதலாளியும் ரேணியில் விறகு பொறுக்குபவளும் ஒரே குற்றவாளிக் கூண்டில்.

புலிவரி

ஃபோர்மன் அந்தப் பேச்சுக்குப் பிறகு வருத்தமும் தெரிவித்தார், 1989இல் புக்சினோடு உட்கார்ந்து விவாதமும் செய்தார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார்.

ஆழ்சூழலியம் என்றாலே ஃபோர்மன் என்பது, கம்யூனிசம் என்றாலே போல் பாட் என்பதுபோல. 1973இல் அந்தப் பெயரில் எழுதியவர் ஆர்னே நேஸ், நார்வேயின் தத்துவப் பேராசிரியர், மலையேறுபவர். காந்தியைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். 1970இல் மார்தோலா நீர்மின் திட்டத்துக்கு எதிராக உட்கார்ந்து, போலீஸ் தூக்கிக்கொண்டு போன ஆள். அவர் சொன்னதின் சாரம் ஒன்றுதான்: மாசைக் குறைத்து மனிதனின் வசதியைக் காப்பது மேலோட்டமான சூழலியம், மற்ற உயிர்களின் வாழ்வுக்கு நம் பயன்பாட்டைத் தாண்டிய மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொள்வது ஆழமானது. அதில் எங்கே பட்டினி வந்தது?

ஓடைக்கரை கேட்ட மூன்றாவது கேள்விக்கு, 'ஊர்க்காரர் முடிவெடுக்கட்டும்' என்பதே இங்கே எல்லோரும் சொல்லப்போகிற பதில் என்று தெரியும். ஊர்சபையில் புலிக்கு யார் கை தூக்குவது? ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் 2005 வாக்கில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை, அத்தனையும் வேட்டையில் போயிற்று. 2006 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 1,411. 2022 மதிப்பீட்டில் 3,682. இடையில் நடந்தது காவல், கண்காணிப்பு, மனிதத் தொல்லை இல்லாத மையப்பகுதி. கசப்பாக இருந்தாலும் பலன் தந்த வழி அது.

கல்லுப்பட்டி

இத்தனை வெள்ளைக்காரப் பெயர் வருகிற இழையில் நம்ம ஊர் மனிதர் ஒருவரைக் காணோமே. ஜே. சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர், கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர், கடைசிக் காலத்தில் எங்கள் தே. கல்லுப்பட்டியில் இருந்தவர். 'வளர்ச்சிக்கு எல்லை' என்று ரோம் கிளப் அறிக்கை 1972இல் சொல்வதற்குக் கால் நூற்றாண்டு முன்னால், சிறையில் உட்கார்ந்து, நிலைத்து நிற்கும் பொருளாதாரம் எது, தீர்ந்துபோகும் பொருளாதாரம் எது என்று பிரித்து எழுதினார். ஒட்டுண்ணிப் பொருளாதாரத்தில் தொடங்கி, மாந்தோப்பில் குரங்கு புகுந்தது மாதிரியான சூறைப் பொருளாதாரம், தேனீயின் கூட்டுப் பொருளாதாரம் என்று ஏறி, பிரதிபலன் கேட்காத சேவையில் முடிப்பார். நிலக்கரி, பெட்ரோலியம் மாதிரி எடுத்தால் தீர்ந்துபோகிறதை நம்பிக் கட்டும் பொருளாதாரம் சண்டையில்தான் முடியும் என்பது அவர் கட்சி. 'சிறியதே அழகு' எழுதிய ஷூமாக்கர் அவரை மேற்கோள் காட்டியிருக்கிறார்.

பட்டும் பகுகுணாவும் இந்தக் காந்திய வீட்டுப் பிள்ளைகள்தான். அண்ணன் தொழிற்கூடம் போட்டார், தம்பி விரதமிருந்தார். (வயதில் பகுகுணாதான் மூத்தவர், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.)

ரைன்கரை

இடதா வலதா என்ற தலைப்புக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு குறிப்பு. இங்கே பசுமைக் கட்சி 1980 ஜனவரியில் கார்ல்ஸ்ரூஹவில் பிறந்தபோது, 'இடதுமில்லை வலதுமில்லை, முன்னால் நிற்கிறோம்' என்பது பிரபலமான கோஷம். ஒரே மண்டபத்தில் பழைய மாவோயிஸ்டுகள், அணுசக்தி எதிர்ப்பாளர்கள், பெண்ணிய அமைப்புகள், கூடவே ஹெர்பர்ட் குரூல். குரூல் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் எம்.பி.யாக இருந்தவர், பக்கா வலது. வளங்கள் தீர்கின்றன, ஆகவே கட்டுப்பாடும் சிக்கனமும் வேண்டும் என்பது அவர் பேச்சு. கட்சி இடப்பக்கம் சாய்ந்ததும் வெளியேறித் தனிக்கட்சி கண்டார்.

மிச்சமிருந்தவர்களும் ஃபுண்டி, ரேயாலோ என்று இரண்டாக நின்றார்கள். கொள்கையில் அசையாதவர்கள் ஒருபுறம், ஆட்சியில் பங்கேற்றுக் கிடைத்ததை வாங்குவோம் என்பவர்கள் மறுபுறம். 1985இல் ஹெஸ்ஸ மாநிலத்தில் ரேயாலோ பக்கத்து யோஷ்கா ஃபிஷர் வெள்ளை ஸ்னீக்கரோடு அமைச்சர் பதவி ஏற்றார். அந்த ஷூ இப்போது அருங்காட்சியகத்தில். அதே ஆண்டு ஃபுண்டி பக்கத்து ருடால்ஃப் பாரோ கட்சியை விட்டுப் போனார். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்: விலங்குகள் மீதான சோதனையைச் சில நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம் என்று கட்சி இறங்கிவந்தது. உயிரை வைத்துப் பேரம் பேசுகிற கட்சி எனக்கு வேண்டாம் என்று போய்விட்டார். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை.

ரேயாலோக்கள் ஜெயித்தார்கள். அணு உலைகளில் கடைசி மூன்றையும் 2023 ஏப்ரல் 15 அன்று மூடியது அவர்கள் கூட்டணியில் இருந்த ஆட்சிதான். அதே ஆண்டு ஜனவரியில், நிலக்கரிச் சுரங்கத்துக்காக லூட்ஸராட் என்ற சிற்றூரைப் போலீஸ் காலி செய்தபோது, சுரங்கக் கம்பெனியோடு அதற்கான ஒப்பந்தம் போட்டதும் பசுமை அமைச்சர்கள்தான். பதிலுக்கு நிலக்கரிக்கு விடைகொடுக்கும் கெடுவை அந்தப் பகுதியில் 2030க்கு முன்கூட்டியே கொண்டுவந்தோம் என்றார்கள். அங்கே சேற்றில் நின்று எதிர்த்த பிள்ளைகளில் பலர் அவர்களுக்கே ஓட்டுப் போட்டவர்கள்.

தையல்நாயகி

ஐந்து பதிவு ஆயிற்று, பெண்கள் மரத்தைக் கட்டிப்பிடித்ததாக எல்லோரும் எழுதிவிட்டீர்கள். ஏன் பெண்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாராட்டுகள்.

சூழல் பெண்ணியர் வந்தனா சிவா 1988இல் ஒரு பதில் சொன்னார்: பெண்ணும் இயற்கையும் உயிரைப் பெருக்குகிறவர்கள், இரண்டையும் ஒரே ஆணாதிக்க அறிவியல் அடக்குகிறது, ஆகவே காட்டின் வலி பெண்ணுக்குத் தெரியும். கேட்க நன்றாக இருக்கிறது. பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் இதை ஏற்கவில்லை. பெண்ணின் இயல்பு காரணமில்லை, பெண்ணின் வேலை காரணம் என்றார். விறகு, புல், தண்ணீர் சுமப்பவள் அவள். காடு தள்ளிப்போனால் கூடுதல் மைல் நடப்பவளும் அவளே. மேல்சாதி நிலக்காரர் வீட்டுப் பெண்ணுக்கும் கூலிக்காரிக்கும் காடு ஒன்றல்ல.

டூங்ரி-பைன்தோலி என்று ஓர் ஊர், அதே சமோலி மாவட்டம், 1980. ஓக் காட்டை அழித்து உருளைக்கிழங்குப் பண்ணை போடும் திட்டம். பதிலுக்குச் சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மின்சாரம் வரும் என்ற பேச்சு. ஊர்ப் பஞ்சாயத்து சம்மதித்தது. பஞ்சாயத்தில் இருந்தவர்கள் ஆண்கள். பெண்கள் மறித்தார்கள், யாரை? தங்கள் வீட்டு ஆண்களையும் சேர்த்துத்தான். ஓக் இலை மாட்டுக்குத் தீவனம். ஓக் நிற்கிற சரிவில் ஊற்று வற்றாது என்பது மலைக்காரர்களின் அனுபவம். வனத்துறை விரும்பி வளர்த்த சீர் பைன் பிசினுக்கு ஆகும், மாடு கடிக்காது. இந்தத் தகவல் தெரிந்தவர்கள் பெண்கள், கையெழுத்துப் போடுகிறவர்கள் ஆண்கள். பழைய தோழர் இதற்கு என்ன சொல்வார் என்று தெரிய ஆசை.

பழைய தோழர்

அகர்வால் சொல்வது எங்கள் பக்கத்துப் பேச்சுதானே அம்மா. உழைப்புப் பிரிவினையில் தொடங்குகிறார்.

தையல்நாயகி

வீட்டுக்குள் நடக்கும் உழைப்புப் பிரிவினை. அதை உங்கள் பக்கம் கட்சித் திட்டத்தில் எத்தனையாவது அயிட்டமாகப் போடுவார்கள் என்பது வேறு இழை.

மலைத்தேன்

புலிவரி அண்ணன் சொன்ன 'மனிதத் தொல்லை இல்லாத மையப்பகுதி' பற்றி. அந்தத் தொல்லை யார் என்று பார்க்க ரேணிக்கே திரும்பிப் போகலாம். அந்த ஊரின் அப்புறக் கதையைப் பாடப்புத்தகம் போடாது.

ரேணியும் பக்கத்து லாத்தாவும் போட்டியா மக்களின் ஊர்கள். திபெத்தோடு வியாபாரம் செய்து வாழ்ந்தவர்கள். 1962 போரில் எல்லை மூடியது, வியாபாரம் போயிற்று. ஆட்டு மந்தையும் நந்தா தேவி சிகரத்துக்கு ஏற வருகிறவர்களுக்குச் சுமை தூக்குவதும்தான் மிச்சம். 1974இல் காட்டைக் காப்பாற்றினார்கள். 1982இல் நந்தா தேவி தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டு உள்ளே போக யாருக்கும் அனுமதியில்லை என்று ஆனது. மேய்ச்சல் போயிற்று, சுமைகூலி போயிற்று. கான்ட்ராக்டரை மறித்த ஊரை அரசாங்கம் மறித்தது. 1998இல் லாத்தா ஊர்க்காரர்கள் 'ஜப்டோ சீனோ' என்று கிளம்பிப் பூங்காவுக்குள் நுழைந்து போராடினார்கள். பாய்ந்து பறித்துக்கொள் என்று அர்த்தம்.

காட்டுப் பாதுகாப்புச் சட்டம் 1980இல் வந்தபின் மலையில் ஒரு சின்ன ரோடு போடவும் மத்திய அனுமதி தேவைப்பட்டது. கோப்பு டெல்லியில் தூங்கியது. வெறுத்துப்போய் 1980களின் கடைசியில் அதே உத்தராகண்டில் ரோட்டுக்காக மரத்தை வெட்டும் போராட்டமே நடத்தினார்கள். சிப்கோவின் தாய்மண்ணில்! இதைக் கேட்டு மக்கள் மாறிவிட்டார்கள் என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு மாறியதாகத் தெரியவில்லை. 1973இல் 'அங்கு' மரம் கேட்டபோது இருந்த கோரிக்கைதான் 1988இலும். நடுவில் நின்ற பகுகுணாவின் கோரிக்கை மட்டும் சட்டமானது, ஏனென்றால் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல் பச்சை மரம் வெட்டத் தடை என்பது அரசாங்கத்துக்குச் சுலபம். அதிகாரத்தைக் கைமாற்ற வேண்டியதில்லை. கான்ட்ராக்டர் கையிலிருந்து வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம்.

குஹா 1989இல் அமெரிக்க ஆழ்சூழலியத்தை விமர்சித்ததும் இதற்காகத்தான். ஆளில்லாத காடு என்ற கனவு அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, இங்கே அது ஏழையின் நிலத்தைப் பணக்காரனின் புலிக்கு மாற்றிக் கொடுப்பது.

அப்புறம் ஒன்று. 2021 பிப்ரவரி 7 அன்று ரிஷிகங்கா வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன நீர்மின் நிலையம் ரேணி ஊரின் காலடியில்தான் இருந்தது. ஆட்டுக்கு அனுமதியில்லாத மலையின் வாசலில் அணைக்கு அனுமதி இருந்தது.

புலிவரி

அணை பற்றிச் சொன்னதில் எனக்கு ஒரு வார்த்தைகூட மறுப்பில்லை. நேஸ் உட்கார்ந்ததும் அணைக்கு எதிராகத்தான்.

ஆனால் நந்தா தேவி மூடப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. மலையேற்றக் குழுக்கள் எரித்த விறகு, விட்டுப்போன குப்பை, வேட்டை. மூடியபின் 1993இலும் 2003இலும் உள்ளே போன ஆய்வுக் குழுக்கள் செடிகொடி நன்றாக மீண்டிருப்பதைப் பதிவு செய்திருக்கின்றன. அதை என்ன செய்வது? பொய் என்பீர்களா?

மலைத்தேன்

பொய் என்று யார் சொன்னது? மீண்டது உண்மை. ஆனால் குப்பை போட்டவன் ஏறிவிட்டு ஊருக்குப் போய்விட்டான், தண்டனை மேய்ப்பனுக்கு. 2003இல் ஒரு சின்னப் பகுதியை மட்டும் அளவோடு நடைப்பயணத்துக்குத் திறந்தார்கள், உள்ளூர்க்காரர் வழிகாட்ட. அதை 1982லேயே செய்திருக்கலாமே.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. சத்தியமங்கலத்தை ஒட்டிய கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலை புலிகள் காப்பகத்தில், சோளகர்களுக்கு 2011இல் வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது அதுவே முதல் தடவை. புலி ஓடிப்போகவில்லை அண்ணா.

மட்டுறுத்துநர்

விவாதம் நன்றாகப் போகிறது. கட்சிப் பெயர் சொல்லித் திட்டிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. 'மக்கள்தொகைதான் காரணம், ஓட்டுரிமையை ரத்து செய்' என்ற பதிவை மட்டும் விட்டுவைக்கலாமா என்று யோசித்தேன், தலைப்புக்கு உதாரணமாக இருக்கும் என்று. வேண்டாம் என்று எடுத்துவிட்டேன்.

ரைன்கரை

எடுத்தது சரி. ஆனால் அதுவும் ஒரு கிளைதான். அமெரிக்க சூழலியலாளர் காரெட் ஹார்டின் 1974இல் பணக்கார நாடுகளைப் படகென்றும் மற்றவர்கள் ஏறினால் மூழ்கும் என்றும் எழுதியதன் பேரப்பிள்ளை அது. 2019இல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் சுட்டவன் தன்னைச் சூழல்-பாசிஸ்ட் என்று எழுதி வைத்தவன்.

ஓடைக்கரை

ஹார்டின் 1968இல் பொதுவில் இருக்கும் மேய்ச்சல் நிலம் அழியத்தான் செய்யும் என்றார். ஆனால் உத்தராகண்டில் வன பஞ்சாயத்துகள் 1931இலிருந்து இருக்கின்றன. 1921இல் குமாவுன் முழுக்கக் காட்டுக்குத் தீவைத்து நடந்த கிளர்ச்சிக்குப் பிறகு வெள்ளைக்காரன் விட்டுக்கொடுத்தது. எத்தனை ஆள் எத்தனை கட்டு புல் அறுக்கலாம், எந்த மாதம் காடு அடைப்பு, மீறினால் என்ன அபராதம் என்று ஊரே விதி போட்டு, காவலும் வைத்துக்கொண்டது. எலினோர் ஆஸ்ட்ரோமுக்கு 2009இல் நோபல் கிடைத்தது இந்த மாதிரி ஏற்பாடுகளை உலகம் முழுக்கப் படித்ததற்காக. என் ஓட்டு இந்தக் கிளைக்கு.

தையல்நாயகி

டூங்ரி-பைன்தோலியில் ஓக் காட்டை விற்கச் சம்மதித்ததும் ஊர்தான் ஐயா. ஊர் என்று சொல்லும்போதெல்லாம் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். வன உரிமைச் சட்ட விதிகளை 2012இல் திருத்தியபோது, கிராமசபைக்குப் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். இதை ஏன் எழுத வேண்டி வந்தது என்று யோசித்தாலே போதும்.

புலிவரி

சரி, அந்தச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய வெற்றி ஒடிசாவின் நியம்கிரி மலை. 2013இல் பன்னிரண்டு கிராமசபைகளும் பாக்ஸைட் சுரங்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. அங்கே வாழும் ஆதிவாசிகளான டோங்ரியா கோந்தர் என்ன காரணம் சொன்னார்கள்? மலை எங்கள் நியம்ராஜா, தெய்வம் என்றார்கள். எங்களுக்குப் பங்கு கொடு என்று கேட்கவில்லை. மலைக்கு மனிதப் பயனைத் தாண்டிய மதிப்பு உண்டு என்று ஆதிவாசி சொன்னால் உரிமைப் போராட்டம், நேஸ் சொன்னால் பணக்காரப் பொழுதுபோக்கா?

மலைத்தேன்

நேஸ் சொன்னதும் தப்பில்லை அண்ணா. டோங்ரியாக்கள் அந்த மலையில் பயிர் வைக்கிறார்கள், பழம் எடுக்கிறார்கள், அங்கேயே குடியிருக்கிறார்கள். தெய்வம் என்பதால் ஆளை இறங்கச் சொல்லவில்லை. உங்கள் மையப்பகுதி சொல்கிறது.

பழைய தோழர்

தெய்வத்தின் பெயரால் ஜெயித்தாலும் ஜெயித்தது கிராமசபைத் தீர்மானத்தால், அதையும் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகுதான் கூட்டினார்கள். புலிவரி தம்பிக்கு ஒரு வேண்டுகோள்: முதுமலையையும் நந்தா தேவியையும் பற்றித் தனி இழை போடுங்கள். முதுமலையில் கிராமசபை கூட்டினால் என்ன சொல்வார்கள் என்று நாம் ஊகிப்பதைவிட, கூடலூர்ப் பக்கத்து ஆட்கள் இங்கே சிலர் இருக்கிறார்கள், அவர்கள் வந்து எழுதட்டும்.